ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு திருத்தம்

உயிரோடு என் அச்சகத்துக்கு வந்து, தன் மரண அறிவித்தலைத் தானே வாசித்துத் திருத்திவிட்டு, பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போன மனிதர் இதுவரைக்கும் ஒருவர்தான். அதுவும் ஒரு தடவை அல்ல. பதினைந்து வருடம், ஒவ்வொரு சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகும் வந்தார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் எத்தனையோ தரம் தட்டியிருக்கிறேன். அது மரண அறிவித்தல் ஒட்டும் ஊர் லைட் போஸ்டில் ஒரே ஒரு தடவை ஏறவேண்டும், பிழையில்லாமல் ஏறவேண்டும் என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது. ஆகவே போடியார் என்றே சொல்கிறேன். பழுகாமத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வயல் வட்டை வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு அந்தப் பட்டம் உண்டு. அவரிடம் இருந்த வயல் பெரிதல்ல. “வயலை விடப் பட்டம்தான் பெரிசு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

என் கடை மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், களுவாஞ்சிக்குடியில், பட்டிருப்புப் பாலத்துக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது. கல்யாணக் கார்டு, சாமத்தியச் சடங்கு பேனர், கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் படம் எல்லாம் செய்கிறேன். ஆனால் அவசர வேலை என்றால் சாவு வேலைதான். கல்யாணக்காரர்கள் ஒரு மாதம் இருந்து எழுத்தின் நிறத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். செத்த வீட்டுக்காரர்கள் ஒரு மணித்தியாலத்தில் இருநூறு நோட்டீஸ் கேட்பார்கள், அழுதுகொண்டே பெயர்களைச் சொல்வார்கள், நானும் அரைகுறையாகக் கேட்டுத் தட்டுவேன். பிழை வராமல் என்ன செய்யும்?

முதல் தடவை அவர் வந்தபோது வயது எண்பத்தொன்று. பழுகாமத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்தார்.

“தம்பி, மரண அறிவித்தல் ஒண்டு அடிக்கணும்.”

நான் வழக்கப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “ஆர் ஐயா மோசம் போன?” என்று கேட்டேன்.

“இன்னும் ஒருத்தரும் போகல்ல. என்டதுதான்.”

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். அவருடைய மனைவி போய் முப்பத்தோராம் நாள் அமுதுச் சாப்பாடும் கொடுத்து முடிந்திருந்தது. நோட்டீசை வேறு யாரோ அவசரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“அவட அப்பன்ட பேரப் பிழையாப் போட்டுட்டானுகள் மனே. முப்பத்தொரு நாளும் என்ட மனிசி, ஆரோ ஒரு மனிசனுக்கு மகளா லைட் போஸ்டில ஒட்டுப்பட்டு நிண்டவ. ஒருக்காக் கிழிச்சுப் போடுவமா எண்டு பாத்தன். அதுல அவட படமும் இருக்கு, எப்பிடிக் கிழிக்கிற? எனக்கு அப்பிடி வரப்படாது. நான் இருக்கக்கொள்ளயே ஆறுதலாப் பாத்துச் சரி பண்ணி வைப்பம். நாளும் வயசும் மட்டும் வெறுமையா இருக்கட்டும்.”

அன்று இரண்டு மணித்தியாலம் இருந்தார். நான் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று தட்டியதைப் பார்த்து, “நீ போய்ப் பாத்தியா?” என்று கேட்டார். இல்லை ஐயா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறது என்றேன். “எல்லாருக்கும் போடு. எனக்கு ‘காலமானார்’ எண்டு போடு. அது எப்பிடியும் பிழைக்காது.” படத்துக்கு அறுபது வயதில் எடுத்த அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். முகம் இளமையாக இருக்கிறதே என்று இழுத்தேன். “சாகக்கொள்ள இருந்த முகத்த எல்லாரும் பெட்டியில பாப்பாங்கதானே. நோட்டீசிலயாவது நல்லதாப் பாக்கட்டும்” என்றார்.

கொம்பியூட்டரில் அந்தக் கோப்புக்கு ‘போடியார் இறுதி’ என்று பெயர் வைத்துச் சேமித்தேன். அடுத்த சித்திரைக்கு ‘போடியார் இறுதி 2’. பிறகு ‘போடியார் இறுதி 3’. ஏழாவது வருடம் ‘போடியார் உண்மையாகவே இறுதி’ என்று வைத்தேன். அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு, உனக்கு எங்கயிருந்து வந்தது?” என்றார்.

இப்படிச் சாவுக்கு ஆயத்தமாக இருந்த மனிதர், சாகாமல் இருப்பதற்கு எடுத்த கவனத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எண்பத்தைந்துக்குப் பிறகு சைக்கிளை விட்டு ஆட்டோவில் வந்தார். ஆட்டோவின் பின் சீட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறினால், ஊதின கார் டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஏறுவார். மழை தூறினால் காதுக்குப் பஞ்சு. இரவில் தயிர் இல்லை. நண்டு, இறால் இரண்டையும் எழுபது வயதிலேயே தள்ளிவிட்டார். வாவிக்கரையில் பிறந்த மனிதன் நண்டைத் தள்ளுவதென்றால் அது சந்நியாசம். கிளினிக் நாளில் வாசல் திறக்க முன்னமே முதல் ஆளாக நிற்பார். தடுப்பூசி ஏதாவது வந்தால் ஊரில் முதல் கை அவருடையதுதான்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “போகணும் போகணும் எண்டு சொல்றீங்க. பிறகு என்னத்துக்கு ஐயா இந்த ஹெல்மெட்டும் பஞ்சும்?”

“பஸ்சுக்கு நிக்கிறவன் பஸ்சுக்கு முன்னால பாய்வானா?” என்றார்.

நீண்ட ஆயுளைப் பற்றி அவருக்கென்று ஒரு கட்சி இருந்தது. “எண்பது வரைக்கும் நாம இருக்கிறம். அதுக்கு மறுகா நம்மள வச்சிருக்காங்க” என்பார். ஒரு தடவை நான் ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாள் பேனரை அடித்துக் காயவைத்திருந்தேன். வட்டக் கன்னம், தலையில் தங்க நிறத் தொப்பி, கீழே ‘நூறாண்டு வாழ்க’. போடியார் அதன் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். “பாவம், இந்தப் புள்ள என்ன குற்றம் செஞ்சது?” என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்த வசனத்தைத் தட்டக் கை கூசும். வாடிக்கையாளர் வற்புறுத்தினால் மட்டும் போடுவேன். மற்றபடி ‘நலமுடன் வாழ்க’ என்று மாற்றிவிடுவேன்.

இந்தக் கட்சியை அவர் கடைக்குள் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. என் தம்பியின் கல்யாணத்தில் மூத்தவர் என்று அவரைத்தான் முதலில் அறுகரிசி போடக் கூப்பிட்டோம். அவர் மணவறைக்கு ஏறி, இரண்டு பேர் தலையிலும் அறுகும் அரிசியும் தூவி, சபைக்கே கேட்கிற மாதிரி, “எழுபத்தெட்டு வரைக்கும் நல்லாயிருங்க” என்று ஆசீர்வதித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாங்கள், எங்களுக்கு அவரைத் தெரியும், பொறுத்துக்கொண்டோம். பெண்ணின் அம்மம்மாவுக்கு அந்த மாதம்தான் எழுபத்தெட்டு முடிந்திருந்தது. அந்த மனுசி சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டது. பிறகு போடியாரிடம் போய், இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். “எண்பது எண்டு சொல்லத்தான் நினைச்சன். நல்ல புள்ளைகள், ரெண்டு வருஷம் குறைச்சு விட்டன்” என்றார்.

முதியோர் தின விழா என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொன்னாடை போர்த்திக் கைத்தடி ஒன்று கொடுப்பார்கள். கைத்தடி அவருக்குத் தேவைப்படவே இல்லை. சேர்ந்த ஆறு கைத்தடியையும் வளவில் பயற்றங்கொடிக்கு ஊன்றிவிட்டார். ஒரு விழாவில் ஒலிவாங்கியை நீட்டி, இவ்வளவு காலம் வாழ்ந்த இரகசியத்தைச் சொல்லுங்கள் ஐயா என்றார்கள். “நான் ஒண்டும் செய்யல்ல. எனக்கு முன்னுக்கு நிண்டவங்க எல்லாம் செத்துட்டாங்க, அதால நான் முன்னுக்கு வந்திட்டன்” என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

ஆனால் சித்திரைக்குச் சித்திரை அவர் என் கடைக்கு வந்தது பகிடிக்கு அல்ல. மரண அறிவித்தலில் உறவுகளின் பெயர் வரிசையாக வரும். இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் சகோதரர். உயிரோடு இல்லாதவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் வரும். அவர் முதல் தடவை வந்தபோது, மனைவிக்கும் யுத்த காலத்தில் போன மூத்த மகனுக்கும் மட்டும்தான் அந்தச் சொல். மற்ற ஒன்பது பேரும் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அவர் வந்து, சிவப்புப் பேனையால் ஒரு பெயருக்கு முன்னால் ஒரு கோடு போடுவார். நான் அந்தச் சொல்லைத் தட்டுவேன். சில வருடம் இரண்டு கோடு. கனடாவில் பனி அள்ளும்போது விழுந்த இளைய மகனுக்கு ஒரு கோடு. தம்பிமாருக்கு ஒவ்வொன்று. மருமகனுக்கு ஒன்று.

“வயசு போறதுல முழங்கால் ஒரு பிரச்சினையே இல்ல மனே” என்று அப்படி ஒரு வருடம் சொன்னார். “ஒரு பகிடி சொன்னா, அது ஆரப் பத்தின பகிடி எண்டு விளங்கிறதுக்கு இப்ப ஒருத்தரும் இல்ல. முதல்ல அந்த ஆள் ஆர் எண்டு சொல்லணும், அவன் எப்பிடி நடப்பான் எண்டு சொல்லணும், மறுகாத்தான் பகிடி. அதுக்குள்ள எனக்கே சிரிப்புப் போயிருது.”

தொண்ணூற்று மூன்றாவது வயதில் அவர் வந்தபோது, அந்த வரிசையில் கோடு விழாமல் இரண்டே பெயர்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று கல்குடாவில் இருந்த தங்கை. மற்றது அவருடைய ஒரே மகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சேரும் என்பதால், போடியார் இருந்தது மகளின் வீட்டில். “கல்யாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் விருந்தாளிதான். முதல்ல மனிசிட வீடு, மறுகா மகள்ட வீடு” என்பார். அந்த மகள்தான் எனக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்த டீச்சர். அந்த வருடம் அவருக்கே எழுபது வயதாகியிருந்தது, புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பாவும் மகளும் அந்தப் பெரிய வீட்டில் நாள் முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்தச் சித்திரைக்கு முன்னம் தங்கையும் போய்விட்டார். போடியார் கோடு போட்டுக் கொடுத்தார். அதே நேரத்தில் கல்யாணக் கார்டுக்காரர் ஒருவர் என் முன்னால் நின்று, மஞ்சளில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேண்டும் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தட்டி, ஒரு பிரதி எடுத்துப் போடியாரிடம் நீட்டினேன்.

அவர் எப்போதும் சத்தமாகத்தான் வாசிப்பார். கல்யாணக் கார்டுக்காரர் இருந்தாலும் அதே சத்தம்தான். “அன்னார், காலஞ்சென்ற” என்று மனைவியின் பெயரைச் சொன்னார். மகன்மாரின் பெயர்களைச் சொன்னார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். சிவப்புப் பேனை தாளில் படாமல் அந்தரத்தில் நின்றது. தங்கையின் பெயருக்குப் போடவேண்டிய சொல்லை ஒரு வரி மேலே, டீச்சரின் பெயருக்கு முன்னால் போட்டிருந்தேன்.

“ஐயோ ஐயா, மன்னிச்சிருங்க, இப்பவே மாத்துறன்...”

“அழி” என்றார். “பெட்டிக்குள்ளயும் அழி.”

கொம்பியூட்டரிலிருந்து அழித்ததைக் கிட்ட வந்து பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிளேன்டீயைத் தொடவில்லை. ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கல்யாணக் கார்டுக்காரர் இன்னும் மஞ்சளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதனை நான் வாழ்க்கையில் மன்னிக்கப் போவதில்லை.

இரண்டு மாதத்தில் டீச்சரின் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். சத்திரசிகிச்சைக்காக மட்டக்களப்பில் கொண்டுபோய் வாட்டில் விட்டார்கள். செய்தி கேட்டதும், என் கை எழுதியது நடந்துவிடுமோ என்று எனக்கே என் மீது பயம் வந்துவிட்டது. இரண்டு தோடம்பழமும் வாங்கிக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

“என்ன முழிக்கிறாய்? அந்தத் தாளா?” என்றார் டீச்சர். “நான் பாத்தன். அப்பாட சட்டை தோய்க்கக்கொள்ள பைக்குள்ள இருந்தது. ஐஞ்சாம் வகுப்பிலயும் கவனமில்லாமத்தானே எழுதின நீ.”

நான் அழுதேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

“நான் பாத்தது அவருக்குத் தெரியா. சொல்லிப் போடாத. அவரப் போய்ப் பாத்துக்கொள் மகன். ஆசைப்பட்டதெல்லாம் வாங்கிக் குடு. நான் இஞ்ச இருக்கக்கொள்ள அவர் முகம் வாடிக்கிடக்கப்படாது.”

அன்று பின்னேரமே பழுகாமத்துக்குப் போனேன். போடியார் முன் விறாந்தையில் இருந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே அவர் தொடங்கினார்.

“உன்ட முகத்தப் பாத்தா எனக்கு விளங்குது. விசர்க் கதை கதைக்காத. நீ எழுதினா நடக்கும் எண்டா, பன்னிரண்டு வருஷமா என்னப் பத்தி எழுதிக்கொண்டிருக்காய். ஒண்டும் நடக்கல்லியே!”

எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. என்ன வேண்டும் ஐயா, சொல்லுங்க, வாங்கித் தாறன் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “நண்டு” என்றார்.

இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு மனிதர் ஆசையாகக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். அடுத்த நாளே ஆரையம்பதியில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, உயிர் நண்டாக ஒரு கோர்வை வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண் உறைப்பாகக் கறி வைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் இறால். அடுத்த நாள் மறுபடி நண்டு, இரவில் தயிரும் கேட்டார். விடியக் குளிரில், வெயில் ஏற முன்னம் வாவியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் குளித்தார். காதில் பஞ்சு இல்லை. கவலையில் இருக்கிற மனிதர், போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது. போனபோது விறாந்தையில் ஆளில்லை. வளவுக்குள் பார்த்தால், காய்த்துத் தொங்கும் தென்னை மரத்துக்கு நேர் கீழே கதிரை போட்டு, வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா! மேல பாருங்க! தேங்காய் விழும்!”

“விழுந்ததுதான். நேத்து அங்கால விழுந்தது” என்று நாலடி தள்ளிக் காட்டினார். “அதுதான் இண்டைக்குக் கதிரைய இஞ்சால போட்டிருக்கன்.”

நான் அவரைத் தூக்காத குறையாக விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். என்ன ஐயா இது, இதென்ன வேலை என்று முதல் தடவையாக அவரை ஏசினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: “ரெண்டு பொடியனுகளுக்கும் நான்தான் அந்தச் சொல்லப் போடுவிச்சன். இன்னொரு கோடு போட எனக்கு ஏலா மனே. இந்த முறை நான் முந்தணும். அவள் ஒப்பரேசன் மேசைக்கு ஏற முன்னம் முந்தணும்.”

இந்த நாலு நாளும் நண்டு சுமந்தது நான். “பிரஷர்க் குளிசையும் விட்டுட்டீங்களா?” என்று பயத்தோடு கேட்டேன்.

“சே சே. அது அரசாங்கம் சும்மா தாறது. அத எறிஞ்சா பாவம்.”

அடுத்த நாள் அவருக்குக் கிளினிக் நாள். நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். தாதிப் பெண் பிரஷரை ஒரு தடவை பார்த்தாள், நம்பாமல் இரண்டாம் தடவை பார்த்தாள். “என்ன போடியார், கால் வீக்கமும் வத்தியிருக்கு, நிறையும் கூடியிருக்கு! என்ன செஞ்ச நீங்க? என்ட பிரஷரை விட நல்லாயிருக்கே!”

போடியாரின் முகம் கறுத்துவிட்டது. ஆட்டோ பாலத்தில் வரும்போது, “இருபத்து மூண்டு வருஷம் நண்டு தின்னாம இருந்தனே!” என்று வாவியைப் பார்த்துக் கத்தினார். ஆட்டோக்காரர் பயந்து பிரேக் போட்டார்.

சத்திரசிகிச்சை நாள் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகக் கேட்டேன். வரமாட்டேன் என்றார். நானும் கடையைப் பூட்டிவிட்டு அவருடனேயே இருந்தேன். என் தொலைபேசியை நடுவில் ஸ்டூலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இழுத்துச் சீவி, எங்கேயோ வெளிக்கிட்டவர் மாதிரி இருந்தார். அன்று நண்டும் இல்லை, கஞ்சியும் இல்லை. பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால், அழைப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்க வைக்க விருப்பமா என்று ஒரு பதிவுக் குரல்.

“என்ன சொல்றாங்க?” என்றார்.

“பாட்டு வேணுமா எண்டு கேக்கிறாங்க.”

“வேணாம் எண்டு சொல்லு” என்றார். சிரிப்பதற்கும் இரண்டு பேருக்கும் பலமில்லை.

ஒன்றரை மணிக்கு மறுபடி அடித்தது. டீச்சருடன் ஆஸ்பத்திரியில் நின்ற சொந்தக்காரப் பெண். கட்டியை எடுத்துவிட்டார்கள், கெட்ட கட்டி இல்லையாம், டீச்சர் கண் முழித்துத் தண்ணீர் கேட்டாராம். நான் கத்திச் சொன்னேன். போடியார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் முதுகைத் தடவினேன். அந்த முதுகில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. எப்படியோ தொண்ணூற்று மூன்று வருடத்தைத் தூக்கி வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கும் தாங்கவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டு அவர் முதலில் கேட்டது இதுதான்: “தையல் காய எத்தின நாள் செல்லும்?”

“ரெண்டு மூண்டு மாசம் கவனமா இருக்கணும் ஐயா.”

“அப்ப மூண்டு மாசத்துக்கு நான் சாக ஏலா” என்றார். “தையலோட அவளுக்கு அழ ஏலா. வயிறு நோகும்.”

எழும்பிப் போய்த் தென்னைக்குக் கீழே கிடந்த கதிரையைத் தூக்கி வந்து விறாந்தைச் சுவரோரம் போட்டார். காதுக்குப் பஞ்சு தேடினார். அன்றிரவு தயிர் வேண்டாம் என்றுவிட்டார்.

டீச்சர் வீட்டுக்கு வந்தபோது, வேலியோரம் நண்டு ஓடு மலைபோலக் கிடந்ததைப் பார்த்து என்னைத்தான் ஏசினார். ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்கச் சொன்னது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. டீச்சர்மாரிடம் அப்படி எல்லாம் பேசுவதில்லை. மூன்று மாதமும் போடியார்தான் மகளுக்குக் கஞ்சி வைத்தார். உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை என்று டீச்சர் பிறகு சொன்னார். ஒருநாளும் மிச்சம் வைக்கவில்லை என்றும் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்தும் அவர் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த சித்திரைகளில் கடைக்கு வந்து, நோட்டீசைத் திறக்கச் சொல்லி, ஒரே ஒரு வரியை, மகளின் பெயர் இருந்த வரியை மட்டும் வாசித்தார். “சரி, இருக்கு” என்பார். திருத்தம் ஒன்றும் இல்லை. பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். கடைசித் தடவை, “இருக்கிறதும் அவ்வளவு மோசமில்ல மனே. வரிசை குழம்பாம இருந்தாச் சரி” என்றார். பதினைந்து வருடத்தில் அவர் கட்சி மாறியது அவ்வளவுதான்.

அவருடைய தொண்ணூற்றாறாவது வயதில், ஆவணி மாதத்தில், ஒருநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு முன்னால் ஆட்டோ நின்றது. இறங்கியது டீச்சர். தனியாகத்தான் வந்திருந்தார்.

“அப்பா விடிய எழும்பல்ல மகன்” என்றார்.

உட்காரச் சொன்னேன். கோப்பைத் திறந்தேன். நாளும் வயதும் மட்டும் போடவேண்டி இருந்தது. போட்டேன். கண் மறைத்ததால் ஆறு என்ற எண்ணைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பிரதி எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை அவராகவே எடுத்துக்கொண்டார். மேலிருந்து கீழே, ஒவ்வொரு சொல்லாக, பேனை முனையை வைத்து வைத்து வாசித்தார். ஐந்தாம் வகுப்பில் என் கொப்பியை அப்படித்தான் பார்ப்பார். ஓர் இடத்தில் முனை நின்றது.

“என்ட பேருக்கு முன்னால ஒண்டும் இல்லத்தானே?”

“இல்லை டீச்சர்.”

“பாத்தியா மகன், முந்திட்டார்” என்றார். சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து நோட்டீசில் விழுந்தது. நான் துடைக்கத் துணி தேடும்போதுதான் கண்டேன், தகனம் செய்யும் இடத்தின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.

“டீச்சர், கீழ ஒரு பிழை இருக்கு, திருத்திப் போட்டு...”

“கிடக்கட்டும்” என்றார் டீச்சர், பேனையை மூடி வைத்துக்கொண்டு. “அவர் பாக்கவேண்டியதப் பாத்திட்டுத்தான் போயிருக்கார். அடி மகன்.”